கால் ஓயாத சைக்கிள்

கிண்ணியா
08.02.1959

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே உம்மா, காக்கா எல்லோரும் சுகம். நீங்களும் சுகமாகத்தான் இருப்பீர்கள். கோபக்காரருக்குக் காய்ச்சல் வராது என்று உம்மா சொல்வார்.

முதலில் சைக்கிளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் விசாரிக்கப் போவதும் அதைத்தான், என்னை அல்ல. றஊப் காக்கா அதைத் தண்ணீரிலிருந்து எடுத்து, நல்ல தண்ணீரில் கழுவி, செயினுக்கு எண்ணெய் போட்டு விறாந்தையில் சாத்தி வைத்திருக்கிறார். ஒரு கீறலும் இல்லை. உங்கள் சாப்பாட்டுப் பெட்டியின் மூடிதான் கிடைக்கவில்லை.

நடந்ததை ஊரில் ஆளுக்கொரு மாதிரிச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். காக்கா சொன்னதை நான் எழுதுகிறேன், சரியா என்று பாருங்கள். கலியாணம் முடிந்து நீங்கள் முதன்முதல் கந்தோருக்கு வேலைக்குப் புறப்பட்ட காலை. வெள்ளைக் காற்சட்டை, புதுச் சப்பாத்து, ஒரு கையில் சாப்பாட்டுப் பெட்டி. வெள்ளைக்காரப் படை தளத்தை விட்டுப் போகும்போது ஒரு மாலுமியிடம் காக்கா வாங்கி, துடைத்துத் துடைத்து வைத்திருந்து, தங்கச்சியின் மாப்பிள்ளைக்கு என்று கொடுத்த சைக்கிள். துறையடிச் சரிவில் எல்லோரும் செய்வது போல நீங்களும் காலை ஓயவிட்டு, அப்படியே உருண்டுபோய், அக்கரைக்கு ஆட்களை ஏற்றிப் போகிற மிதவைப் பாதையில் ஏறிவிடலாம் என்று நினைத்தீர்கள். அந்தச் சைக்கிளுக்கு அது தெரியாது. சில்லு சுற்றும்வரை பெடலும் சுற்றும். அது உங்கள் காலைத் தூக்கி அடித்து, பாதைக்குப் பக்கத்தில் இடுப்பளவு தண்ணீருக்குள் உங்களைக் கொண்டுபோய் இறக்கிவிட்டது.

பாதைக்காரர்கள் சிரித்தார்கள். என் கூடப்பிறந்த காக்காவே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நீங்கள் சொட்டச் சொட்ட வீட்டுக்கு வந்தபோது கதவுக்குப் பின்னால் நின்று நானும் சிரித்தேன். அதை மறைக்கவில்லை. அழுதிருந்தால் உங்களுக்கு நல்லாயிருந்திருக்குமா? சின்ன வயதிலிருந்து என் மூக்கைச் சொல்லி நீங்கள் சிரித்த சிரிப்புக்கு நான் ஒரு நாளும் வீட்டை விட்டுப் போகவில்லை.

நீங்களோ உடுப்பை மாற்றிக்கொண்டு பஸ்ஸில் போனவர், போனவர்தான். பக்கத்து வீட்டு ஸல்ஹா ராத்தா வேலிக்கு மேலால் தலையை நீட்டுகிறார். "என்ன புள்ள, மாப்புளய இன்னும் காணல்ல? கந்தோருலயே படுக்கச் சொல்லிட்டாங்களா?" என்கிறார். "ஓம் ராத்தா, வேல கூட" என்று சொல்லி வைத்திருக்கிறேன். மாப்பிள்ளை வந்து பெண்ணின் வீட்டில் இருப்பதுதானே நம் பக்கத்து முறை. எனக்கென்று வாப்பா கட்டிவைத்துப் போன வீட்டில் நானும் உம்மாவும் பழையபடி இருக்கிறோம், கலியாணமே நடக்காதது போல.

நோன்பு வருகிறது. தலைநோன்பைப் புது மாப்பிள்ளை எங்கள் வீட்டில் திறக்க வேண்டும் என்று உம்மா இப்போதே அரிசி புடைக்கிறார். எப்போது வருவீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஜெஸீமா

* * *

திருகோணமலை
13.02.1959

அன்புள்ள ஜெஸீமாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். கடிதம் கிடைத்தது.

எனக்குக் கோபம் என்று யார் சொன்னது? கந்தோருக்குப் போகிற வழியைப் பற்றி யோசிக்கிறேன், அவ்வளவுதான். அக்கரைத் துறையடியிலிருந்து எங்கள் துறைமுகக் கந்தோர் வரை பன்னிரண்டு மைல். காலையில் முதல் பாதையில் கடந்தால்தான் நேரத்துக்குப் போகலாம். பின்னேரம் ஐந்து மணிக்குக் கந்தோர் விட்டு, பொழுதுபடும்போது போகிற கடைசிப் பாதையைப் பிடிக்க வேண்டும். பஸ்ஸை நம்ப ஏலாது. வந்தால் வந்தது. ஆகவே சைக்கிள்தான். எந்தச் சைக்கிள் என்பதுதான் கேள்வி.

றஊப் மச்சான் தந்தது பந்தயத்துக்குச் செய்தது. ஏற்றத்திலும் கால் சுற்ற வேண்டும், இறக்கத்திலும் சுற்ற வேண்டும். முன்னுக்கு ஒரே ஒரு பிரேக். அதைப் பிடிக்கிற கையில் சாப்பாட்டுப் பெட்டி இருந்தால் மனிதன் அல்லாஹ்வை நினைக்க வேண்டியதுதான். என்னோடு வேலை செய்கிற வீரசிங்கம் மூன்று கியர் உள்ள சைக்கிள் வைத்திருக்கிறான். ஏற்றத்துக்கு ஒன்று, சமநிலத்துக்கு ஒன்று, விட்டு ஓடுவதற்கு ஒன்று. இறக்கத்தில் காலை நிறுத்திவிட்டுச் சும்மா இருக்கலாம். "சும்மா இருந்தாலும் ஓட வேணும் மச்சான், அதுக்குத்தானே சைக்கிள்? இல்லாட்டி நடக்கலாமே" என்கிறான் அவன். எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது.

கலியாணப் பேச்சில் "மாப்பிள்ளைக்கு நல்ல சைக்கிள் ஒன்று" என்று உங்கள் பக்கத்தில் சொன்னார்கள். நல்ல சைக்கிள் என்றால் புதுக் கியர் சைக்கிள் என்றுதான் எங்கள் உம்மா விளங்கிக்கொண்டார். நான் வாய் திறந்து எதையும் கேட்கப் போவதில்லை. கேட்டு வாங்குகிற ஆள் நான் இல்லை. நிலைமையைச் சொல்கிறேன்.

இப்போது உட்துறைமுக வீதியில் வீரசிங்கத்தின் அறையில் இருக்கிறேன். எங்கள் உம்மா வீட்டுக்குப் போக முடியாது. கலியாணம் முடித்த மகன் திரும்பி வந்து நின்றால் அங்கேயும் வேலிக்கு மேலால் தலைகள் நீளும்.

இன்னொன்று. கொழும்புக் கந்தோரில் ஓர் இடம் காலியாகப் போகிறதாம். பெயரைக் கொடுக்கட்டுமா என்று எங்கள் கந்தோர்ப் பெரியவர் கேட்டார். கொடுத்து வைத்திருக்கிறேன்.

லாபிர்

* * *

கிண்ணியா
18.02.1959

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

உங்கள் கடிதத்தைக் காக்காவுக்குக் கொஞ்சம் வாசித்துக் காட்டினேன், கோபம் வராத இடங்களை மட்டும். அப்படியும் வந்துவிட்டது. "கியர் கேக்குறாராமா? கிண்ணியாவில ஏத்தம் எங்க இரிக்கி? கறிச்சட்டிய கவுத்து வெச்சாலும் அதவிட ஒசரம்" என்றார். போகிற வழியில் சீனன்குடாவில் மேடு இருக்கிறதே என்றேன். "அப்ப சீனன்குடாவில பொண்ணு எடுத்திருக்கலாமே" என்றார். பிறகு அவருக்கே ஒரு மாதிரி ஆகி, எழுந்து போய்ச் சைக்கிளைத் துடைத்தார். அவர் அதை எத்தனை ஆசையாக உங்களுக்குக் கொடுத்தார் என்பது எனக்குத்தான் தெரியும். ஊரில் அப்படியொரு சைக்கிள் வேறு யாரிடமும் இல்லை.

கொழும்பைப் பற்றி இரண்டே வரியில் எழுதி முடித்துவிட்டீர்கள். எந்தப் பக்கம் அந்தக் கந்தோர்? கடல் தெரியுமா? அங்கே பெண்கள் தனியாகப் பஸ்ஸில் ஏறிக் கடைக்குப் போவார்களாமே, மெய்யா? டிராம் என்று ஒன்று தெருவில் தண்டவாளத்தில் ஓடுகிறதாம். அதில் நீங்கள் ஏறியிருக்கிறீர்களா? விபரமாக எழுதுங்கள்.

இப்போது ஒரு சங்கதி சொல்கிறேன். யாருக்கும் சொல்லிவிடாதீர்கள். காக்கா நெல் வாங்க மூதூருக்குப் போயிருந்தார். உம்மா உண்டுவிட்டுக் கண்ணயர்ந்திருந்தார். விறாந்தையில் அந்தச் சைக்கிள் சும்மா நின்றது. அதைப் பார்த்துக்கொண்டே நானும் எத்தனை நாள்தான் சும்மா இருப்பது? பின்வளவுக்கு உருட்டிக்கொண்டு போனேன். அங்கே கிடுகு வேலி ஆள் உயரம், ஸல்ஹா ராத்தாவின் தலையும் எட்டாது. காக்காவின் பழைய காற்சட்டையை உள்ளே போட்டுக்கொண்டு, சேலையை மேலே இழுத்துச் செருகி, கிணற்றுக் கட்டில் ஏறி நின்று சீற்றில் உட்கார்ந்தேன்.

முதல் நாள் வாழைக்குள் விழுந்தேன். இரண்டாம் நாளும் அதே வாழை. மரம் போய்விட்டது, காற்று என்று உம்மாவிடம் சொன்னேன். மூன்றாம் நாள் ஓடினேன் மச்சான். வேலியோரமாக ஒரு முழுச் சுற்று. இறங்கத் தெரியாமல் பிறகும் பல சுற்று.

அதிலே ஒன்று கண்டேன். அந்தச் சைக்கிளில் நிற்கப் பார்த்தால் தள்ளிவிடும். நிற்கக் கூடாது. அதோடு கூடவே காலைச் சுற்றிக்கொண்டு, மெல்ல மெல்லப் பின்னுக்கு அமர்த்த வேண்டும். அப்போது அதுவும் மெல்ல மெல்ல அடங்குகிறது. நீங்கள் அன்றைக்குச் சரிவில் ஒரேயடியாக நிற்கப் பார்த்தீர்கள். அதுதான் பிழை. பிரேக்கும் வேண்டாம், கியரும் வேண்டாம். அதையே எடுத்து ஓடுங்கள், பழகிவிடும்.

ஜெஸீமா

* * *

திருகோணமலை
24.02.1959

அன்புள்ள ஜெஸீமா,

வஅலைக்குமுஸ்ஸலாம். உன் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். உனக்கு விசரா? செயினில் சேலை பிடித்தால் என்ன ஆகும் என்று தெரியுமா? காற்சட்டையின் வலது காலை ஒரு நாடாவால் இறுக்கிக் கட்டிக்கொள். கட்டாமல் ஏறாதே. ஏறவே ஏறாதே என்றுதான் எழுத உட்கார்ந்தேன், நீ கேட்க மாட்டாய் என்பதால் கட்டச் சொல்கிறேன். றஊப் மச்சான் கண்டால் என்ன நடக்கும் என்று நினைக்கவும் பயமாக இருக்கிறது.

கொழும்பைப் பற்றி நீ குத்திக் காட்டியது விளங்குகிறது. பெண்கள் பஸ்ஸில் போவதும் டிராமும் உனக்கு ஏளனம். சரி, அதை விடு.

ஞாயிற்றுக்கிழமை வீரசிங்கத்தின் சைக்கிளை எடுத்துக்கொண்டு சீனன்குடா வரை போய் வந்தேன். என்ன சொல்ல! ஏற்றத்தில் விசையைத் தட்டிவிட்டால் கால் லேசாகிறது, யாரோ பின்னால் நின்று தள்ளுவது போல. இறக்கத்தில் காலை நிறுத்தினேன். சில்லு டிக் டிக் என்று சொல்லிக்கொண்டு தானாக ஓடியது, நான் துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டு போனேன். எண்ணெய் நிரப்பி வைக்கிற பெரிய குதங்கள், அப்பால் கப்பல் ஒன்று. வெள்ளைக்காரன் இருந்த காலத்தில் எத்தனை கப்பல் நின்ற இடம்.

ஆனால் உனக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன். கால் சும்மா இருந்ததும் மனம் ஓடத் தொடங்கிவிட்டது. உன் வீட்டு விறாந்தை ஞாபகம் வந்தது. கதவுக்குப் பின்னால் நீ சிரித்தது ஞாபகம் வந்தது. பாலையூற்றுக்கு வருவதற்குள் எனக்கு அறைக்குத் திரும்பவும் மனமில்லை, கிண்ணியாவுக்கு வரவும் மனமில்லை. எங்கே போனாலும் அங்கிருந்து எழும்பிப் போக வேண்டும் போல இருக்கிறது. இது என்ன வருத்தம் என்று தெரியவில்லை.

நல்ல சேதி ஒன்றோடு முடிக்கிறேன். வீரசிங்கம் அறையிலிருந்து கந்தோருக்கு நடந்தே போகலாம் என்று சொல்லி, நோன்பு முடியும்வரை சைக்கிளை என்னை வைத்திருக்கச் சொல்லிவிட்டான். தலைநோன்பு திறக்க நான் வருவேன் என்று மாமியிடம் சொல். அன்றிலிருந்து தினமும் வருவேன்.

லாபிர்

* * *

கிண்ணியா
13.03.1959

மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

தலைநோன்பு அன்று நீங்கள் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. கந்தோரில் மேசை விழுந்து இறந்துபோனீர்களா என்று ஆள் அனுப்பி விசாரித்தோம். நல்ல சுகமாக வேலைக்கு வந்திருந்தீர்களாம்.

உம்மா சொந்தக்காரர் எல்லோரையும் அழைத்திருந்தார். கஞ்சி, ஈச்சம்பழம், உங்களுக்குப் பிடிக்கும் என்று இறால் வடை. பாயை விரித்து நடுவில் உங்களுக்கு இடம் விட்டிருந்தார்கள். பாங்கு சொன்னதும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நோன்பு திறந்தார்கள். அந்த இடத்தில் ஒரு பிள்ளையைக்கூட உட்கார விடவில்லை உம்மா. காக்கா வீட்டில் நோன்பு திறக்கவில்லை. கடைசிப் பாதை வந்து ஆட்கள் எல்லோரும் இறங்கிப் போன பிறகும் அவர் துறையடியிலேயே நின்றாராம். அங்கேயே பாதைக்காரர் கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு வந்து, சாப்பிடாமல் படுத்துவிட்டார். அவர் ஏசியிருந்தால் எனக்குத் தாங்கியிருக்கும்.

நீங்கள் கேட்ட கியர் சைக்கிள்தானே கையில் இருந்தது? இனி என்ன சாட்டுச் சொல்வீர்கள்?

எனக்கு வெட்கமாக இருக்கிறது மச்சான். நீங்கள் தண்ணீரில் விழுந்தபோது உங்களுக்கு இப்படித்தான் இருந்ததோ என்று இப்போது நினைக்கிறேன். உண்மையைச் சொல்லுங்கள். இந்த வீட்டுக்கு வர உங்களுக்கு மனம் இருக்கிறதா, இல்லையா?

ஜெஸீமா

* * *

திருகோணமலை
15.03.1959

அன்புள்ள ஜெஸீமாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம்.

நான் வந்தேன்.

கந்தோர் விட்டதும் கிளம்பிவிட்டேன். சீனன்குடா மேட்டில் பாதி ஏறியிருப்பேன், பெடலை மிதிக்கிறேன், கால் வெறுமனே சுற்றுகிறது, சில்லு அசையவில்லை. கைப்பிடி விசையிலிருந்து ஒரு கம்பி பின்சில்லுக்குப் போகிறது. அது கொஞ்சம் தளர்ந்துவிட்டால் இரண்டாம் கியருக்கும் மூன்றாம் கியருக்கும் நடுவில் ஒன்றுமே இல்லாத ஓர் இடத்தில் போய் நின்றுகொள்ளுமாம். வீரசிங்கம் பிறகுதான் சொன்னான். எனக்கு அது அன்றைக்குத் தெரியாது. நோன்பு வயிற்றோடு ஒரு மிதி பலமாக மிதித்தேன், குறுக்குச் சட்டத்தில் மோதி விழுந்தேன். முழங்கால் உரிந்துவிட்டது. அதற்குப் பிறகு தள்ளிக்கொண்டு ஓடினேன். மெய்யாகவே ஓடினேன் ஜெஸீமா, ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அக்கரைத் துறையடிக்கு வந்தபோது உங்கள் பக்கத்துப் பள்ளியிலிருந்து பாங்கு தண்ணீருக்கு மேலால் கேட்டது. பாதை உங்கள் கரையில் கட்டியிருந்தது. பாதைக்காரர்கள் குந்தியிருந்து நோன்பு திறக்கிறார்கள். அவர்களுக்குப் பக்கத்தில் வெள்ளைத் தொப்பியோடு ஓர் ஆள் நின்றார். நிற்கிற நிலையிலேயே றஊப் மச்சான் என்று தெரிந்தது. இந்தப் பக்கத்து மரநிழலில் நின்ற என்னை அவருக்குத் தெரிந்திராது.

நான் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் ஒரு வள்ளத்தை விட்டிருப்பார். கிழிந்த காற்சட்டை, கையில் ஓடாத சைக்கிள். முதல் சைக்கிளில் விழுந்தவன் இரண்டாவதிலும் விழுந்தான் என்று ஊர் சிரிக்குமே என்று நின்றேன். உன் காக்கா சிரிப்பார் என்று நினைத்தேன். நீ எழுதியதை வாசித்த பிறகுதான் அவர் சாப்பிடாமல் படுத்தது தெரிகிறது.

துறையடியில் தேத்தண்ணிக் கடை வைத்திருக்கிற சீதேவியக்கா என்னைக் கண்டுவிட்டு ஓடிவந்தார். "தம்பி, நோன்பெல்லே? பாங்கு கேட்டுட்டுது, இந்தாங்கோ, தண்ணியைக் குடியுங்கோ" என்று செம்பையும் ஒரு வாழைப்பழத்தையும் தந்தார். தலைநோன்பை அந்தக் கடை வாங்கில் உட்கார்ந்து திறந்தேன். கண் கலங்கியது, புகை என்று சொன்னேன். பிறகு அவ்வழியால் வந்த ஒரு லொறியில் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு திரும்பிவிட்டேன்.

கம்பியை வீரசிங்கம் இறுக்கித் தந்துவிட்டான். எனக்குத்தான் ஏற மனம் வரவில்லை.

வீட்டுக்கு வர மனம் இருக்கிறதா என்று கேட்டாய். இருக்கிறது. ஆனால் வருகிற ஒவ்வொரு தரமும் நான் ஏதாவது ஒன்றுக்குள் விழுகிறேன். இதற்கிடையில் கொழும்பு இடம் எனக்கென்றே வந்துவிட்டது. மாத முடிவுக்குள் கையெழுத்துப் போட வேண்டும். நீ உன் வீட்டை விட்டு வர மாட்டாய், அது உங்கள் வழக்கமும் இல்லை. நான் அங்கே போய் இருந்துகொண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தரம் வந்து போனால், வருகிறபோதாவது மரியாதையாக ரயிலில் வரலாம். அப்படித்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

லாபிர்

* * *

கிண்ணியா
18.03.1959

மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

நீங்கள் அக்கரையில், காக்கா இக்கரையில். நடுவில் என் கஞ்சி ஆறிப்போனது. உங்கள் கடிதத்தை இந்த முறை ஒரு வரி விடாமல் காக்காவுக்கு வாசித்தேன். முழங்கால் உரிந்த இடத்தில் அவர் எழும்பி முற்றத்துக்குப் போனார். திரும்பி வந்து, "என்னயப் பாத்துக்கிட்டு நின்டாராமா? ஒரு சத்தம் போட்டிருந்தா நான் நீந்தி வந்திருப்பனே" என்றார். எனக்குத் தெரிந்து அவர் சிரிக்காமல் இருந்தது தலைநோன்பு அன்றும் அன்றைக்கும்தான்.

அந்தச் சூட்டோடு நானும் என் சங்கதியைச் சொல்லிவிட்டேன். வாழையை விழுத்தியது காற்று இல்லை, நான்தான் என்றேன். உம்மா நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார். காக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். "எங்க, ஓடிக் காட்டு" என்றார். பின்வளவில் ஓடிக் காட்டினேன். அவர் சீற்றைப் பிடிக்க வந்தார், பிடிக்க வேண்டியிருக்கவில்லை. "வெளிய தெரிஞ்சா ரெண்டு பேரயும் ஊர விட்டுத் தள்ளுவாங்க" என்றார். ஆனால் ஏறாதே என்று சொல்லவில்லை.

பிறகு ஒரு யோசனை சொன்னார். நாளைக்குக் காலையில் சைக்கிளைப் பஸ்ஸுக்கு மேலே ஏற்றிக்கொண்டு அவரே உங்களிடம் வருகிறார். நீங்கள் அதைப் பழகும்வரை கூட நிற்பாராம். அதில் தளர்வதற்குக் கம்பியும் இல்லை, நழுவுவதற்குக் கியரும் இல்லை. நீங்கள் எவ்வளவு மிதிக்கிறீர்களோ அவ்வளவு வரும். வந்து சேருவீர்கள்.

இந்தக் கடிதத்தையும் அவர் கையில்தான் கொடுத்து விடுகிறேன். பக்கத்தில் நின்று எட்டிப் பார்க்கிறார், ஆகையால் கொழும்பைப் பற்றி எனக்குச் சொல்ல இருப்பதை இதில் எழுத ஏலாது. நேரில் சொல்கிறேன். அதுவரைக்கும் கையெழுத்துப் போட வேண்டாம்.

ஜெஸீமா

* * *

திருகோணமலை
21.03.1959

என் அன்புள்ள ஜெஸீமாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். அவசரத்தில் எழுதுகிறேன்.

றஊப் மச்சான் வந்தார். கந்தோர் வாசலில் சைக்கிளோடு நின்றவரைக் கண்டதும் நான் படியிலேயே நின்றுவிட்டேன். அவர் என் முழங்காலைத்தான் முதலில் பார்த்தார். "நானும் முதல்ல இதுலதான் நாகதாளிப் பத்தைக்குள்ள விழுந்தன். ஒங்களுக்குத் தண்ணி கெடச்சிது. எனக்கு முள்ளு" என்றார். அவ்வளவுதான், எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு பேரும் வாசலில் நின்று சிரித்ததைப் பார்த்துக் கந்தோர் முழுக்க எட்டிப் பார்த்தது.

பின்னேரம் கடற்கரைப் பக்கம் கொண்டுபோய்ப் பழக்கினார். வீரசிங்கமும் வந்து, கியரை விட்ட மனிதன் உருப்பட மாட்டான் என்று கரையில் நின்று சாபம் போட்டுக்கொண்டிருந்தான். நீ எழுதியது சரிதான். நிற்கப் பார்க்காமல், கூடவே சுற்றிக்கொண்டு அமர்த்தினால் அடங்குகிறது. ஓர் அந்திக்குள் பிடிபட்டுவிட்டது. காலுக்கு வேலை இருக்கும்வரை மனமும் அதோடு கட்டுப்பட்டு வருகிறது. நான் தேடித் திரிந்தது இதைத்தானோ என்னவோ.

கரையில் உட்கார்ந்து நானும் மச்சானும் எல்லாவற்றையும் பேசித் தீர்த்தோம். அவர் சொன்னார், "அவ அந்த வீட்ட விட்டு ஒரு நாளும் வரமாட்டா, மச்சான். அது வாப்பா அவக்கிண்டு கட்டின வீடு." எனக்கும் அது தெரியும். கையெழுத்துப் போட வேண்டாம் என்று நீ எழுதியதே எனக்குப் போதும். இன்று காலை பெரியவரிடம் போய்க் கொழும்பு எனக்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அந்த இடத்துக்கு வீரசிங்கம் போகிறான். அவனுக்கு வாயெல்லாம் பல்.

திங்கட்கிழமை பின்னேரம் வருகிறேன். அன்றிலிருந்து தினமும் வருவேன். நீ கேட்டது நடக்கிறது, சந்தோஷமா?

உன்,
லாபிர்

* * *

கிண்ணியா
23.04.1959

மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

ஒரே வீட்டில் இருந்துகொண்டு என்ன கடிதம் என்று கேட்பீர்கள். நேரில் சொல்லப் பார்த்துவிட்டேன். நீங்கள் வந்து இறங்கியதும் காக்கா உங்களை விறாந்தையில் பிடித்துக்கொள்கிறார். காற்று எந்தப் பக்கம், சீனன்குடா மேட்டில் இறங்க வேண்டி வந்ததா, செயின் என்ன சொல்கிறது. பிறகு உம்மா மருமகனை விசாரிப்பார். பிறகு சோறு. சோற்றுக்குப் பிறகு நீங்கள் கதிரையிலேயே தூங்கிவிடுகிறீர்கள். தூரத்தில் இருந்தபோது என் கடிதத்தை மூன்று தரம் வாசித்தவர் நீங்கள். அதனால் இதை உங்கள் கோட்டுப் பையில் வைக்கிறேன். பாதையில் நிற்கும்போது வாசியுங்கள்.

தினமும் வருகிறீர்கள். நான் கேட்டது அதுதான். பெருநாளுக்கு வீடு நிறைந்திருந்தது. ஸல்ஹா ராத்தாகூட "மாப்புள என்ன கெதியா வாறாரு" என்று வாயைப் பிளக்கிறார். எனக்கு அதில் சந்தோஷம் இல்லை என்று சொன்னால் பொய்.

ஆனாலும் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். கொழும்பைப் பற்றி நேரில் சொல்கிறேன் என்று எழுதியிருந்தேனே, நான் சொல்ல இருந்தது, நானும் வருகிறேன் என்பது. டிராமைப் பற்றியும் பஸ்ஸைப் பற்றியும் நான் கேட்டது குத்திக் காட்ட இல்லை. தெரிந்துகொள்ளத்தான். வாப்பா எனக்கு வீடு கட்டிக் கொடுத்தார், அதற்குள்ளேயே இரு என்று சொல்லிவிட்டுப் போகவில்லை. சாவியை உம்மாவிடம் கொடுத்துவிட்டு வந்திருப்பேன். காக்காவுக்கு முன்னால் அதை எழுதப் பயந்தேன். அது என் பிழை. ஆனால் நீங்களும் காக்காவும் கடற்கரையில் இருந்து என் வீட்டைப் பற்றியும் என் மனதைப் பற்றியும் எவ்வளவு நேரம் பேசினீர்கள்! இரண்டு பேருக்கும் நல்ல மனது. அவளை ஒரு வார்த்தை கேட்போம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லையே. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. இப்போது வீரசிங்கம் அண்ணன் கொழும்பில் டிராமில் போய் வருகிறார்.

சரி, அது போய்விட்டது. இதையாவது கேளுங்கள். நீங்கள் காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு போகிறீர்கள், பொழுதுபட்டுக் கொண்டு வருகிறீர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் காக்கா அதைக் கழற்றிப் பூட்டுகிறார். பின்வளவில் நான் ஓடிய தடத்தில் புல் முளைத்துவிட்டது. காலுக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. குசினிக்கும் கிணற்றுக்கும் வேலிக்குமாக நடக்கிறேன். "என்ன புள்ள, கால்ல முள்ளா?" என்று உம்மா கேட்கிறார். என்ன சொல்ல?

ஆகையால் நீங்கள் கியர் சைக்கிள் ஒன்று எடுங்கள். ஓம், நான்தான் சொல்கிறேன். வீரசிங்கம் அண்ணன் தன்னுடையதை அறையில்தானே விட்டுப் போயிருக்கிறார், எழுதிக் கேளுங்கள். கம்பியை இறுக்கி வைத்துக்கொள்ளுங்கள். மேட்டில் லேசாக ஏறுங்கள், இறக்கத்தில் காலை நிறுத்திக் கப்பலைப் பாருங்கள். மனம் ஓடினால் ஓடட்டும், வீட்டுக்குத்தானே வரும். மற்றச் சைக்கிள் என்னிடம் இருக்கட்டும். வேலிக்குள் எத்தனை நாளைக்கு ஓடுவேன் என்று எனக்கே தெரியாது.

ஒவ்வொரு நாளும் நீங்கள் படலையைத் திறந்து போகும்போது நான் கதவுக்குப் பின்னால் நின்று பார்க்கிறேன். நெஞ்சு அடைத்துக்கொண்டு வரும். புருஷன் போகிறாரே என்றுதான் என்று நானும் நினைத்திருந்தேன். நேற்று உங்களுக்கு முதுகு பிடித்திருந்ததால் காக்காவின் நெல் லொறியில் போனீர்கள். சைக்கிள் வீட்டில் நின்றது. நான் கதவுக்குப் பின்னால் வரவும் இல்லை, நெஞ்சும் அடைக்கவில்லை.

ஜெஸீமா